முகமூடிக்காரனுக்கு மோர்

என் அக்காவைப் பயமுறுத்தி வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டும் என்பதுதான் திட்டம். கேட்டது அவள் பெற்ற மகன். செய்கிறேன் என்று தலையாட்டியது நான். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன், அப்போது எங்கள் இருவருக்கும் அது ரொம்ப நல்ல யோசனையாகத் தெரிந்தது.

அக்கா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தெருவின் கடைசி வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் நாலு தென்னை, கொஞ்சம் வாழை, அதற்குத் தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார், அதற்கப்புறம் வயல்தான். அத்தான் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அக்கம்பக்கத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் பெங்களூரிலும் மெல்போர்னிலும் உட்கார்ந்துகொண்டு பொங்கலுக்கு வாட்ஸப்பில் கரும்பு அனுப்புகிறார்கள். அந்தத் தெருவில் அக்கா ஒண்டியாக இருக்கிறாள்.

போன தை மாதம் கொல்லையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை. ஆனால் சென்னையில் இருக்கும் அவள் மகனுக்குத் தூக்கம் போய்விட்டது. அவனுக்குப் பதினோராவது மாடியில் வீடு. அம்மாவுக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்துத் தயாராக வைத்துவிட்டான். கிராமத்து வீட்டை விற்றுவிடலாம், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றான். அக்கா, "பாக்கலாம்டா, பாக்கலாம்டா" என்பாள். அவள் பார்த்த பாட்டைக் காணோம்.

"மாமா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று எனக்குப் போன் போட்டான்.

"உங்கம்மா நான் சொல்லி என்னைக்கு மாப்ள கேட்டா? நான் அவளுக்குத் தம்பிடா, அண்ணன் இல்ல."

"பயந்தாத்தான் கிளம்புவாங்க மாமா. அவங்களுக்குத்தான் பயமே இல்லையே."

யார் சொன்னது இல்லையென்று? எதைக் கண்டால் அக்கா நடுங்குவாள் என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். கல்லூரி நாட்களில் தஞ்சாவூர்த் தியேட்டர் ஒன்றில் அவளும் நானும் இங்கிலீஷ் படம் ஒன்றுக்குப் போனோம். முகமூடி போட்ட ஒருவன் வரிசையாகப் பிள்ளைகளை வெட்டித் தள்ளுகிற படம். இடைவேளைக்குள் அக்கா என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டாள். அப்புறம் ரொம்ப நாளைக்கு இருட்டினால் கொல்லைப் பக்கம் போகமாட்டாள். போனால் நான் கதவருகே நின்று சத்தமாகப் பாடிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டை நிறுத்தினால் அலறுவாள். எனக்குத் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

அதனால் அதே ரகப் படங்களை மறுபடி அவளுக்குப் போட்டுக் காட்டுவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை பெரிய டிவி ஒன்று வாங்கி அனுப்பினான். கூடவே கொல்லைத் தென்னையில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாகக் கேமரா மாட்டினான். அவன் சென்னையிலிருந்து போனிலேயே பார்க்கலாம், அதன் வழியாகப் பேசவும் செய்யலாம். நான் வாரம் ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். சாப்பிட்டு முடித்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படம்.

முதல் படம், காட்டுக்குள் ஒரு மர வீடு. லீவுக்கு வந்த பிள்ளைகள். முகத்தில் சாக்கு மாட்டிய ஒருவன், கையில் கோடாரி. நான் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"இதுங்க வீட்ல சொல்லிட்டு வந்துதுங்களாடா?"

"யார்கிட்ட?"

"அப்பா அம்மாகிட்டதான். சொல்லாம வந்துருக்குங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அந்தச் சுருட்டை முடிக்காரன்தான் எல்லாத்துக்கும் தூண்டிவிட்டவன், அவன் முதல்ல போவான் பாரு."

அவன்தான் முதலில் போனான். ரத்தம் சுவரெல்லாம் பீய்ச்சி அடித்தது. அந்தக் காலத்தில் இதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஆரத்தி தண்ணிடா இது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சா இந்தக் கலர்தான் வரும். சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல்."

அவ்வளவுதான், படம் செத்துவிட்டது. அதற்கப்புறம் யாரை வெட்டினாலும் எனக்குக் கல்யாண வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது.

இந்தப் படங்கள் எல்லாம் இன்றைக்கு நிற்குமா என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? நிற்காது. ஒருத்தி ஓட ஓட ஓடுகிறாள், அவன் நடந்தே வந்து பிடிக்கிறான். வாசல் கதவு திறந்து கிடக்கும்போது எல்லாரும் மாடிக்கு ஓடுகிறார்கள். அறுபதைத் தாண்டிய என் முழங்காலுக்கு அந்த மாடிப்படியைப் பார்ப்பதுதான் பெரிய திகில். செத்தவன் மறுபடி எழுந்து உட்காரும்போது முன்னே தியேட்டரே அலறியது, இப்போது எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கொலைக்கு முன்னால் சும்மா அந்த வீட்டைக் காட்டுகிறான் பாருங்கள், காலிச் சமையலறை, யாரும் உட்காராத நாற்காலி, லேசாகத் திறந்திருக்கிற கதவு, அது மட்டும் இன்னும் பயமுறுத்துகிறது. என் மனைவி போனபிறகு தஞ்சாவூரில் நான் இருக்கும் போர்ஷனும் சாயங்காலம் திறக்கும்போது அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு ராத்திரி எல்லா விளக்கையும் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன். அக்காவோ, மறுநாள் காலை போன் போட்டு, "அடுத்தது எப்படா?" என்றாள்.

இரண்டாவது படத்தில் கொலைகாரன் பங்களாவின் டெலிபோன் ஒயரை வெட்டினான். திடுக் என்று இசை. அக்கா ச்சு கொட்டினாள்.

"போன் ஒயர வெட்டி என்னடா பிரயோஜனம்? நம்ம ஊர்ல பாரு, மோட்டார் ஒயரா வெட்டிட்டுப் போறானுங்க. போர்செட்டுல மோட்டார் இருக்கு, ஒயரக் காணும். உள்ள இருக்குற செம்புக்கு அவ்ளோ கிராக்கி. இவனுக்குப் பொழைக்கத் தெரியல."

மாப்பிள்ளை தினமும் கேட்பான். "மாமா, ஏதாவது மாற்றம் தெரியுதா?" தெரிகிறதடா, உங்கம்மா ஒரு படத்துக்கு ஒரு டப்பா முறுக்கு காலி பண்ணுகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மெல்ல மெல்லத்தான் ஏறும் மாப்ள" என்று சமாளித்துவைத்தேன்.

மூன்றாவது படம் போட்ட அன்று ஊரில் உளுந்து எடுப்பு. டெல்டாவில் அந்தச் சமயத்தில் வேலைக்கு ஓர் ஆளைப் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். தேங்காய் பறித்து, கொல்லையில் மண்டிக்கிடந்த கருவமுள்ளையும் வெட்டிப்போட ஓர் ஆள் வேண்டுமென்று அக்கா வாரக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தாள். ஒருவர் அன்றைக்குக் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் ஆகியும் வரவில்லை. அந்தக் கடுப்போடுதான் படம் பார்க்க உட்கார்ந்தாள்.

படத்தில் முகமூடிக்காரன் சோளக்கொல்லை ஓரமாக அசையாமல் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். அக்கா பெருமூச்சு விட்டாள்.

"எப்பேர்ப்பட்ட ஆளு பாரு. வாயத் திறக்கறானா? டீ கேக்குறானா? போனை நோண்டுறானா? எடுத்த வேலையை முடிக்காம போகமாட்டேங்குறான். இந்த மாதிரி ஒருத்தன் கெடைச்சா நான் கொல்லையை ரெண்டே நாள்ல சுத்தம் பண்ணிடுவேன்."

மோர் கரைக்கிறேன், படத்தை நிறுத்து என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நிறுத்தினேன். திரையில் முகமூடிக்காரன் கையில் அரிவாளோடு கதவருகில் நின்றான். நான் எதேச்சையாகக் கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பினேன். அங்கேயும் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

சித்திரை வெயிலில் குரங்குக் குல்லாய். கண் மட்டும் தெரிகிறது. கையில் அரிவாள். டிவிதான் எங்கேயோ கண்ணாடியில் தெரிகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அவன் மூக்கை உறிஞ்சினான். டிவியில் இருந்தவன் உறிஞ்சவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எழுதத்தான் ஆசை. கால் நன்றாகவே ஓடியது. நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அக்காவைக் கூப்பிடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, கேமராவைப் பார், கேமராவைப் பார் என்று கிசுகிசுத்தேன். அதற்குள் வெளியே அக்காவின் குரல் கேட்டது.

"வந்துட்டியா? தான் வராம உன்னை அனுப்பிட்டானாக்கும்? இதுதான் காலைல வர்ற நேரமா? என்ன திருதிருன்னு முழிக்கிற? செருப்பக் கழட்டு முதல்ல!"

"மாமா" என்றான் மாப்பிள்ளை போனில். அவனும் எதற்கோ கிசுகிசுத்தான். "யாரு மாமா அவன்? மூஞ்சிய மூடியிருக்கான். கையில அருவா இருக்கு மாமா."

"தெரியுது. இப்ப என்ன பண்றான்?"

"செருப்பக் கழட்டுறான்."

"அப்புறம்?"

"அம்மா கைய நீட்டுறாங்க. ஐயோ, அவன் சட்டைப் பையில கைய விடுறான் மாமா... போனை எடுத்து அம்மாகிட்ட குடுக்குறான்."

அக்கா வீட்டு வழக்கம் அது. வேலைக்கு யார் வந்தாலும் முதலில் போனைக் கொடுத்துவிட வேண்டும். அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவாள். வேலை முடிந்தால்தான் திருப்பித் தருவாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பம்பரமும் கோலியும் பிடுங்கிய கை, ஓய்வு பெறவில்லை. அவளுக்கு ஆள் கிடைக்காததற்கு இந்த வழக்கமே பாதிக் காரணம் என்று ஊரே சொல்லும், அவளைத் தவிர.

"மரம் ஏறு" என்று வெளியே சொன்னாள்.

"ஏறத் தெரியாதுங்க" என்று முதல்முறையாக அந்தக் குரல் கேட்டது. குல்லாய்க்குள்ளிருந்து மெல்லிசாக வந்தது.

"பின்ன எதுக்குடா அருவாள எடுத்துகிட்டு வந்த?"

"அருவாள முதுகுக்குப் பின்னாடி மறைக்கிறான் மாமா" என்றான் மாப்பிள்ளை போனில்.

"சரி, முள்ளையாவது வெட்டு. உளுந்துத் தூசி ஒத்துக்கலையாக்கும், குல்லாயெல்லாம் மாட்டிக்கிட்டு. இந்தா, மோரைக் குடி முதல்ல."

"மாமா, அம்மா அவனுக்கு மோர் குடுக்கிறாங்க" என்றான் மாப்பிள்ளை. அழுதுவிடுவான் போலிருந்தது. "நான் போலீசைக் கூப்பிடறேன்."

"கூப்பிட்டு என்னன்னு சொல்லுவ? முள்ளு வெட்டுறான், வந்து புடிங்கன்னா?"

அவன் பொறுக்கமாட்டாமல் கேமரா வழியாகவே கத்தினான். தென்னை மரத்திலிருந்து, "டேய், யாருடா நீ?" என்று கொல்லை முழுக்க எதிரொலித்தது. வந்தவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினானாம். அக்கா மரத்தை அண்ணாந்து பார்த்து வெளுத்து வாங்கினாள். "நீ உன் ஆபீஸ் வேலையப் பாரு. அபூர்வமா ஒரு ஆளு வந்துருக்கான், அவனையும் வெரட்டிடாத. நீ வெட்டுப்பா, அது என் புள்ளதான்."

சாயங்காலம்வரை அவன் வெட்டினான். வெட்டுகிற சத்தத்தைக் கேட்டபிறகுதான் நான் வெளியே வந்தேன். அவ்வளவு நேரம் என்னடா பண்ணின என்று அக்கா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். முள் பாதிதான் முடிந்திருந்தது. போனைக் கேட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "மீதிய நாளைக்குக் காலைல வந்து முடிச்சுட்டு வாங்கிக்க" என்றாள் அக்கா. கூலியைக் கையில் கொடுத்தாள், ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தாள், போனை மட்டும் கொடுக்கவில்லை.

அவன் போன கொஞ்ச நேரத்தில் வருவதாகச் சொல்லியிருந்த நிஜ ஆள் போன் செய்தார். உளுந்து எடுப்பில் மாட்டிக்கொண்டேன் டீச்சரம்மா, நாளன்றைக்கு வருகிறேன் என்றார்.

"அப்ப நீ அனுப்பின ஆளு?"

"நான் யாரையும் அனுப்பலீங்களே."

அக்கா போனை வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது, ஆஹா, இப்போது பயந்துவிட்டாள் என்று. பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அடப்பாவி! அதான் முள்ளை இவ்ளோ கோணலா வெட்டியிருக்கான்!"

அன்றைக்கு ராத்திரி நான் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு நேரே வந்து இறங்கினான். கண்ணெல்லாம் சிவந்து, தலை கலைந்து, குல்லாய்க்காரனைவிட இவனைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இவன் வாசல் வழியாக வர, கொல்லை வழியாக அவன் வந்தான். போனுக்காகத்தான். குல்லாய் இல்லை. முகத்தைப் பார்த்தால் முப்பதுக்குள் இருக்கும், ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

"எதுக்குப்பா வந்த நேத்து? பொய் சொல்லக் கூடாது" என்றாள் அக்கா, அவளுடைய ஆபீஸ் ரூம் குரலில்.

"மோட்டார் ஒயருக்குங்க." தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. எட்டிப் பாத்தேன், நீங்க உடனே செருப்பக் கழட்டச் சொல்லிட்டீங்க."

"கேட்டியாம்மா?" மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான். "திருடன்மா! அருவாளோட வந்துருக்கான்! அவனுக்கு நீ மோர் குடுத்திருக்க! மாமா இத்தனை படம் போட்டுக் காட்டியும் உனக்குப் பயமே வரலைன்னா நான் என்னதான்மா பண்றது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடேய், அடேய் மடையா!

"அப்படியா?" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பினாள். "அதுக்குத்தான் படமா? நான் என்னமோ தம்பிக்கு அக்கா ஞாபகம் வந்துடுச்சு, வாரம் தவறாம வர்றான்னு முறுக்கு சுட்டு வச்சேன்."

முகம் சுருங்கி அவள் அங்கே நின்ற நிலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இவன் என் மோட்டார் ஒயரத் திருட வந்தான். நீங்க ரெண்டு பேரும் என் வீட்டையே இல்லடா திருடப் பாத்தீங்க."

"நான் அப்புறமா வரட்டுங்களா?" என்றான் கொல்லைக் கதவருகே நின்றவன்.

"நில்லு. மீதி முள்ள வெட்டிட்டுப் போ."

அவன் போய் வெட்ட ஆரம்பித்தான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தரையில், அவள் காலருகே உட்கார்ந்தான். "அன்னைக்கு நீ விழுந்து கெடந்தப்ப நான் மீட்டிங்ல இருந்தேன்மா. போனைக்கூடப் பாக்கல. அதான்" என்றான்.

அக்கா அவன் கலைந்த தலையை ஒதுக்கிவிட்டாள்.

"எனக்குப் பயமே இல்லன்னு யாருடா சொன்னா? உங்கப்பா போனதுலேர்ந்து தினம் பயந்துகிட்டுத்தான் இருக்கேன். கொல்லையில ஒரு தேங்கா விழுந்தா எழுந்து உக்காந்துடுவேன். விடியற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பேன். ஆனா விடிஞ்சு போய்ப் பாத்தா அது என் மரத்துத் தேங்கா. உன் பதினோராவது மாடியில ஒரு சத்தம் கேட்டா, அது எதுன்னு நான் யாரக் கேப்பேன்? நீ ஆபீஸ்ல இருப்ப. பயப்படறதா இருந்தா நான் என் வீட்லயே இருந்து பயந்துக்கறேன்டா. அத மட்டும் விட்டுடு."

மாப்பிள்ளை தலையாட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, விக்கல" என்றான். அவ்வளவு நாள் பேசியும் முடியாதது இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது.

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்தேன்.

"உக்காருடா" என்றாள் அக்கா. கோபம் போயிருந்தது. கூர்ந்து பார்த்தாள். "எனக்கு இந்தத் தெருவாவது இருக்கு. நீ அந்தப் போர்ஷன்ல ஒண்டியா கெடக்கியே, அவ போனதுலேர்ந்து. ஒரு நாளும் கேக்கல நான். உனக்குப் பயமா இல்லையாடா?"

இல்லை என்று மழுப்ப நாலு வசனம் என் வாயில் தயாராக இருந்தது.

"இருக்குக்கா" என்றேன். "ரொம்ப இருக்கு."